தொழுநோயைச் சரியான வரிசையில் பார்ப்பது: தேமல் முதல் நரம்பு அட்டை வரை

ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதிதாகச் சேரும் செவிலியர், சுகாதார ஆய்வாளர், இளம் மருத்துவர் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். தேமலைப் பார்த்ததும் மருந்து அட்டையை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். நரம்பைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள். மூன்று மாதம் கழித்து அதே ஆள் சுண்டுவிரல் மடங்கி வந்து நிற்பார். அது முதலிலேயே இருந்ததா, மருந்து தொடங்கிய பின் வந்ததா என்று சொல்ல யாரிடமும் ஒரு வரிக் குறிப்புகூட இருக்காது. அந்த ஒரு வரி இல்லாததால் சரியான சிகிச்சை தள்ளிப்போய், கை நிரந்தரமாக மடங்கியதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

பால்பாயின்ட் பேனா ஒன்று, கொஞ்சம் பஞ்சு, சிறிய ஸ்கேல், உடல் படம் அச்சிட்ட பரிசோதனை அட்டை. இவ்வளவுதான். இவற்றைவிட முக்கியம் வெளிச்சம். டியூப்லைட்டின் கீழ் வெளிறிய தேமல் தோலோடு தோலாகக் கலந்துவிடும். ஜன்னலோரம் உட்கார வைத்து, பகல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பாருங்கள். அப்போதுதான் ஓரங்களின் மேடும் பளபளப்பும் தெரியும்.

மறைப்புத் திரை வேண்டும். பெண்களைப் பார்க்கும்போது பெண் ஊழியர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். உடையைக் களையத் தயங்குகிறவரின் முதுகிலும் இடுப்பிலும்தான் பல நேரம் விஷயம் இருக்கும்.

பரிசோதனைக்குக் கையுறை தேவையில்லை. கையுறை மாட்டினால் நரம்பின் பருமன் விரலுக்குச் சரியாகப் பிடிபடாது. எதிரே இருப்பவருக்கு அது சொல்லும் செய்தியும் நல்லதல்ல. புண்ணுக்குக் கட்டுப்போடும்போதும் தோல் கீறி மாதிரி எடுக்கும்போதும் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

அரை மணி நேரம் ஒதுக்குங்கள். காலை நெரிசலில் முடியாதென்றால் மதியம் வரை இருக்கச் சொல்லுங்கள். “நாளைக்கு வாங்க” என்று அனுப்பினால் பலர் திரும்பி வருவதில்லை.

2. உடலுக்குள் நடப்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகத் தோன்றும். தாண்டினால் பின்னால் வரும் எந்தப் படிக்கும் காரணம் புரியாது.

மைக்கோபாக்டீரியம் லெப்ரே என்ற இந்தக் கிருமி மிக மெதுவாகப் பெருகும். ஒன்று இரண்டாவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். தொற்றிய பின் அறிகுறி தெரியச் சராசரியாக ஐந்து ஆண்டுகள், சிலருக்கு இருபது ஆண்டுகள்கூட ஆவது இதனால்தான். உடலில் சூடு குறைந்த இடங்களே இதற்கு வசதி: காது மடல், மூக்கு, கண்ணின் முன்பகுதி, விரைகள், தோலுக்கு அருகில் ஓடும் நரம்புகள். நரம்பிழையைச் சுற்றிப் போர்த்தியிருக்கும் ஷ்வான் செல்லுக்குள் போய் உட்கார்ந்துவிடும். கிருமி உள்ளே நுழைந்தாலும் பெரும்பாலானோருக்கு நோய் வருவதில்லை; எதிர்ப்பாற்றலே அடக்கிவிடும்.

நோய் வருகிறவர்களிடம் அது எந்த உருவில் வரும் என்பது அவரவர் எதிர்ப்பாற்றலைப் பொறுத்தது. ஒரு முனையில், டி-செல்கள் என்ற எதிர்ப்பாற்றல் செல்கள் இன்டர்ஃபெரான் காமா போன்ற சமிக்ஞைப் பொருட்களைச் சுரந்து, கிருமியை விழுங்கிய பெருவிழுங்கி செல்களைத் தூண்டிவிடும். அவை கிருமியைக் கொன்று, அந்த இடத்தைச் சுற்றி வளைத்துக் கட்டிவிடும். இவர்களுக்கு ஓரிரு தேமல்தான் இருக்கும். ஓரம் தெளிவாக, நடுவில் உணர்ச்சியே இல்லாமல். கிருமி தேடினாலும் கிடைக்காது. ஆனால் அந்தச் சண்டை நரம்புக்குள் நடப்பதால் நரம்பு சீக்கிரமே பாழாகும்.

மறுமுனையில் அந்த டி-செல் வேலை மற்ற கிருமிகளுக்கு எதிராக நடந்தாலும், இந்தக் கிருமிக்கு எதிராக நடக்காது. ஆன்டிபாடிகள் ஏராளமாக உருவாகும். ஆனால் கிருமி செல்லுக்குள் ஒளிந்திருப்பதால் அவற்றால் பயனில்லை. பெருவிழுங்கிகள் கிருமியைக் கொல்லாமல் சுமந்து திரியும். தோல் முழுக்கக் கிருமி பரவியிருக்கும், ஆனால் மரத்துப்போன தேமல் இருக்காது. நரம்பு மெதுவாக, இரண்டு பக்கமும் ஒருசேரப் பாதிக்கப்படும்.

பெரும்பாலான நோயாளிகள் இந்த இரண்டு முனைக்கும் நடுவில் இருப்பார்கள். 1966-இல் ரிட்லி, ஜாப்ளிங் என்ற இரு மருத்துவர்கள் வகுத்த ஐந்து படிநிலைகள் இந்த வரிசையைத்தான் சொல்கின்றன. நடுவில் இருப்பவரின் எதிர்ப்பாற்றல் நிலையாக நிற்காது. திடீரென ஒரு பக்கம் சாயும். அந்தச் சாய்வுதான் எதிர்வினை எனப்படும் திடீர் அழற்சியின் முதல் வகை. பத்தாவது படியில் அதற்கு வருவோம்.

3. கேள்விகள்

தேமல் எப்போதிருந்து, அரிக்கிறதா, கை கால் மதமதப்பு உண்டா, சுடுதண்ணீரோ சட்டியோ பட்டது தெரியாமல் போனதுண்டா, செருப்பு காலிலிருந்து கழன்றது தெரியாமல் நடந்ததுண்டா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பல பேர் சிரித்துக்கொண்டே “ஆமா சார், அது அப்பப்போ” என்பார்கள். அந்தச் சிரிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதற்கு முன் மருந்து சாப்பிட்டாரா, வீட்டில் யாருக்காவது இருந்ததா, சர்க்கரை நோய் உண்டா என்பதையும் கேட்க வேண்டும். சர்க்கரை நோயும் காலை மரத்துப்போக வைக்கும்.

4. தோலைத் தலை முதல் கால் வரை பார்ப்பது

அவர் காட்டும் தேமலோடு நிறுத்தாதீர்கள். எண்ணிக்கையை வைத்துத்தான் மருந்தின் காலம் முடிவாகிறது. ஐந்தா ஆறா என்பதில் ஆறு மாத வித்தியாசம் இருக்கிறது. முதுகு, பிட்டம், தொடையின் பின்புறம் எல்லாம் பார்த்து உடல் படத்தில் வரைந்துவிடுங்கள்.

தொழுநோய்த் தேமல் வெளிறியோ சிவந்தோ இருக்கும். பால் போல வெள்ளையாக இருக்காது. முழுதும் வெளுத்து, உணர்ச்சி சரியாக இருந்தால் அது வெண்புள்ளி. அரிப்பும் செதிலும் ஓரத்தில் இருந்தால் படர்தாமரையை முதலில் நினையுங்கள். பிறந்ததிலிருந்து மாறாமல் இருப்பது மச்சம். பள்ளிப் பிள்ளைகளின் கன்னத்தில் வரும் வெளிறிய திட்டுகள் பெரும்பாலும் வேறு காரணத்தால் வருபவை.

இனி, பெரிய தவறு. “உணர்ச்சியற்ற தேமல்” என்ற சுவர் விளம்பர வாசகத்தை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு வருகிறவர்கள், கிருமி அதிகமாக உள்ள, மற்றவருக்குப் பரப்பக்கூடிய ஆளை விட்டுவிடுவார்கள். அவரிடம் மரத்த தேமல் இருக்காது. முகம் எண்ணெய் தேய்த்ததுபோல மினுங்கும், காது மடல் தடித்திருக்கும், புருவத்தின் வெளி ஓரம் உதிர்ந்திருக்கும், மூக்கடைப்பு விடாமல் இருக்கும், கால் வீங்கும், முடிச்சு முடிச்சாகக் கட்டிகள் தெரியும். நானும் தொடக்கத்தில் ஒருவரை இப்படி விட்டிருக்கிறேன். “முகம் பளபளன்னு இருக்கே” என்று பாராட்டி அனுப்பினேன். இப்போதெல்லாம் எவர் வந்தாலும் முதலில் காது மடலை இரண்டு விரலால் பிடித்துப் பார்ப்பேன்.

5. உணர்ச்சிச் சோதனை

செய்யும் முறை தவறினால் முடிவும் தவறிவிடும். ஆகவே மெதுவாக.

முதலில் கண் திறந்திருக்கும்போது நல்ல தோலில் பேனா முனையால் லேசாகத் தொட்டு, “நான் தொடுற இடத்தை ஒரு விரலால காட்டுங்க” என்று பழக்குங்கள். இரண்டு மூன்று முறை சரியாகக் காட்டிய பிறகு கண்ணை மூடச் சொல்லுங்கள். பிறகு நல்ல தோலிலும் தேமலிலும் மாற்றி மாற்றித் தொடுங்கள்.

பேனாவை நேராகப் பிடித்து, தோலில் சிறு குழி விழும் அளவு தொட்டால் போதும். இழுக்கக் கூடாது, தட்டக் கூடாது. இழுத்தால் பக்கத்துத் தோல் அசைந்து அங்கே தெரிந்துவிடும்.

“தெரியுதா? இப்ப தெரியுதா?” என்று ஒவ்வொரு தொடுதலுக்கும் கேட்பது புதியவர்கள் எல்லாரும் செய்யும் பிழை. கேள்வியே விடையைச் சொல்லிக் கொடுத்துவிடும். பேசாமல் தொடுங்கள், ஒரே தாளத்திலும் தொடாதீர்கள், தாளத்தை எண்ணியே விரலை நீட்டுகிறவர்கள் உண்டு. நடுநடுவே தொடாமலே சும்மா இருங்கள்.

தேமலில் தொடும்போது விரல் வரவே இல்லையென்றால் உணர்ச்சி இல்லை. வேறெங்கோ காட்டினாலும் சந்தேகம்தான். முகத்தில் மட்டும் இந்தச் சோதனையை நம்பாதீர்கள்; முகத்தில் நரம்புகள் அடர்த்தி, தொழுநோய்த் தேமலிலும் உணர்ச்சி மிஞ்சியிருக்கும். சிறு பிள்ளைகளிடமும் இது கடினம். அவர்களிடம் தேமல் மேல் வியர்க்கிறதா, முடி குறைந்திருக்கிறதா என்று பார்த்து, சந்தேகம் இருந்தால் நாள் குறித்துத் திரும்ப வரச் சொல்லுங்கள்.

6. நரம்பைத் தொட்டறிவது

எல்லா நரம்பையும் தேட வேண்டாம். கழுத்தின் பக்கவாட்டில் காதை நோக்கி ஏறும் நரம்பு, முழங்கையின் உள்பக்கம் ஓடும் அல்நார், மணிக்கட்டில் மீடியன், மேற்கையின் பின்பக்கம் ரேடியல், முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்க எலும்பு முனையைச் சுற்றி வரும் நரம்பு, உள் கணுக்காலுக்குப் பின்னால் போகும் நரம்பு. இவை போதும்.

அல்நாருக்கு அவர் முழங்கையை மடக்கச் சொல்லி, அவர் கையை உங்கள் ஒரு கையில் தாங்கிக்கொண்டு, மறு கையின் விரல் நுனிகளால் எலும்பின் பள்ளத்தில் மெல்ல உருட்டுங்கள். கண் அவர் முகத்தில் இருக்கட்டும். வலித்தால் வாயால் சொல்லும் முன் முகம் சொல்லிவிடும். தடிப்பு ஒரு கேள்வி, வலி இன்னொரு கேள்வி. இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். வலி இருந்தால் நரம்பில் இப்போதே சண்டை நடக்கிறது என்று பொருள்.

எப்போதும் இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள். மண்வெட்டி பிடிக்கும் ஒல்லியான ஆளுக்கு அல்நார் இயல்பாகவே நன்றாகத் தட்டுப்படும். நூறு சாதாரணக் கைகளைத் தொட்ட பிறகுதான் தடித்த நரம்பு விரலுக்குப் புரியும். ஆகவே வீட்டில் எல்லார் முழங்கையையும் பிடித்துப் பழகுங்கள், கூச்சம் வேண்டாம்.

தேமலே இல்லாமல் நரம்பில் மட்டும் வரும் தொழுநோயும் நம் நாட்டில் உண்டு. கை மரத்துப்போனது, கழுத்தெலும்புத் தேய்மானம் என்று வருடக்கணக்கில் அலைந்தவர்களிடம் இந்தப் படி ஒன்றுதான் உண்மையைக் காட்டும்.

7. நரம்பு அட்டை

நரம்புகளின் வலிமையையும் உணர்ச்சியையும் எழுதி வைக்கும் அட்டை இது. மருந்து கொடுக்கும் முன் இதை நிரப்பியே ஆக வேண்டும். நான் புதியவர்களிடம் கண்டிப்பாக இருப்பது இந்த ஒன்றில்தான்.

வலிமைக்கு ஐந்து சோதனைகள். கண்ணைத் தூங்குவதுபோல மூடச் சொல்லி இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஸ்கேலால் மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள். சுண்டுவிரலை வெளியே விரிக்கச் சொல்வது அல்நாருக்கு. உள்ளங்கையை மேலே பார்க்க வைத்துக் கட்டைவிரலைக் கூரையை நோக்கித் தூக்கச் சொல்வது மீடியனுக்கு. மணிக்கட்டைப் பின்னால் வளைப்பது ரேடியலுக்கு. பாதத்தை மேலே தூக்குவது முழங்கால் நரம்புக்கு. ஒவ்வொன்றிலும் உங்கள் விரலால் எதிராக அழுத்துங்கள். தாங்கினால் பலம், அசைந்தும் தாங்காவிட்டால் பலவீனம், அசையவே இல்லையென்றால் செயலிழப்பு.

பிறகு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் பேனாச் சோதனை. காய்ப்பு ஏறிய குதிகாலில் தொட்டுவிட்டு “உணர்ச்சி இல்லை” என்று எழுதாதீர்கள். காய்ப்பில் யாருக்குமே தெரியாது.

ஊனத் தரம் இதிலிருந்தே வரும். கை, கால், கண்ணில் குறை ஏதும் இல்லையென்றால் 0. கையிலோ காலிலோ உணர்ச்சி மட்டும் இல்லையென்றால் 1. கண்ணுக்குத் தெரியும் மடக்கம், புண், கண் மூடாமை இருந்தால் 2.

8. முடிவு

மூன்றில் ஒன்று இருந்தால் தொழுநோய்: உறுதியாக உணர்ச்சி இழந்த தேமல், தடித்த நரம்பும் அந்த நரம்பு போகும் இடத்தில் உணர்ச்சி இழப்போ பலவீனமோ, தோல் கீறி எடுத்த மாதிரியில் கிருமி. மாதிரி எடுக்க வசதி இல்லாத இடத்தில் முதல் இரண்டில் ஒன்று இருந்தாலே போதும். இரத்தப் பரிசோதனை எதுவும் இதை உறுதி செய்யாது.

ஐந்து தேமல் வரை, ஒரு நரம்புக்கு மேல் பாதிப்பு இல்லை, மாதிரியில் கிருமியும் இல்லையென்றால் பி.பி., அதாவது கிருமி குறைந்த வகை. ஆறோ அதற்கு மேலோ, அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட நரம்பு, அல்லது மாதிரியில் எங்காவது கிருமி இருந்தால் எம்.பி., அதாவது கிருமி மிகுந்த வகை. தோல் முழுக்கப் பரவிய வகையில் தேமலை எண்ண முடியாது, அது எம்.பி.தான்.

9. கூட்டு மருந்து தொடங்குவது

பெரியவர்களுக்கு மாதம் ஒருமுறை உங்கள் கண்முன் ரிஃபாம்பிசின் 600 மி.கி., குளோஃபாசிமின் 300 மி.கி.; தினமும் வீட்டில் டாப்சோன் 100 மி.கி., குளோஃபாசிமின் 50 மி.கி. எம்.பி.க்குப் பன்னிரண்டு மாதம், பி.பி.க்கு ஆறு மாதம். பழைய சுவர் அட்டவணைகளில் பி.பி.க்குக் குளோஃபாசிமின் இல்லாமல் இரண்டே மருந்துகள் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் இருவருக்கும் மூன்று மருந்தைப் பரிந்துரைத்தது. இந்தியாவும் 2025 ஏப்ரல் முதல் அதற்கு மாறுவதாக அறிவித்தது. உங்கள் சுவரில் எது தொங்குகிறது என்று பாருங்கள்.

ஒரே மருந்தைத் தனியாகக் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடும். டாப்சோன் மட்டும் கொடுத்த காலத்தில் அதுதான் நடந்தது. “இது தீர்ந்துபோச்சு, அதை மட்டும் சாப்பிடுங்க” என்று ஒருபோதும் சொல்லாதீர்கள்.

முதல் வேளை கொடுக்கும்போதே சொல்ல வேண்டியவை: இன்று சிறுநீர் சிவப்பாகப் போகும், அது இரத்தமல்ல. சில வாரங்களில் தோல் கறுக்கும், வறளும். மருந்து முடிந்தபின் மாதக்கணக்கில் மெல்லத் தெளியும். இதை முன்பே சொல்லாமல் விட்டால், கல்யாணத்துக்கு நிற்கும் பெண் இரண்டாம் மாதமே மருந்தைத் தூக்கி எறிவார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

முதல் ஆறு வாரத்தில் காய்ச்சலும் உடல் முழுக்கத் தடிப்பும் மஞ்சள் காமாலையும் சேர்ந்து வந்தால் டாப்சோன் ஒவ்வாமை. உடனே டாப்சோனை நிறுத்தி மருத்துவமனைக்கு அனுப்புங்கள், உயிருக்கு ஆபத்து. சோகை கடுமையாக இருந்தால் அதைச் சரிசெய்த பிறகே டாப்சோன். கர்ப்பிணிகளும் பாலூட்டுவோரும் கூட்டு மருந்தைத் தொடரலாம். காசநோய்க்கு ஏற்கெனவே தினசரி ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு மாதாந்திர ரிஃபாம்பிசின் தேவையில்லை, மற்றவற்றைக் கொடுங்கள்.

மருந்து முடிந்தாலும் தேமலின் தழும்பும் மரத்துப்போன உணர்ச்சியும் மிஞ்சலாம். கிருமி செத்துவிட்டது, நரம்பு திரும்பவில்லை. இதை “இன்னும் குணமாகவில்லை” என்று நினைத்து மருந்தை நீட்டிக்கொண்டே போவது தேவையில்லாதது.

10. எதிர்வினையைப் பிடிப்பது

சிகிச்சைக்கு முன்போ, நடுவிலோ, முடிந்த பிறகோ இது வரலாம். முதல் வகையில், இருந்த தேமல்களே சிவந்து வீங்கும், நரம்பு வலிக்கும். எதிர்ப்பாற்றல் திடீரெனச் சுறுசுறுப்பாகிக் கிருமியின் மிச்சங்களைத் தாக்குவதால் வருவது. நடுநிலை வகையினருக்குத்தான் அதிகம். “உங்க மாத்திரைதான் நோயைக் கிளப்பிடுச்சு” என்று கோபமாக வருவார்கள்.

இரண்டாம் வகை, கிருமி அதிகம் உள்ளவர்களுக்கு. நன்றாக இருந்த தோலில், அடியில் வலிக்கும் சிவந்த முடிச்சுகள் கொத்தாகக் கிளம்பும். காய்ச்சல், மூட்டு வலி, கண் சிவப்பு, விரை வீக்கம் எல்லாம் சேர்ந்து வரும். கிருமிச் சிதைவுகளும் ஆன்டிபாடிகளும் ஒட்டிக்கொண்டு திசுக்களில் படிவதே காரணம். டெங்கு, டைஃபாய்டு என்று சுற்றவிட்டு நாளைக் கழிப்பது வழக்கம்.

மூன்றாவதாக, சத்தமே இல்லாத ஒன்று: வலியும் இல்லை, தேமலும் மாறவில்லை, ஆனால் போன மாதம் தாங்கிய சுண்டுவிரல் இன்று தாங்கவில்லை. இதை ஏழாவது படியின் அட்டை மட்டுமே காட்டும். மாத மருந்துக்கு வரும்போதெல்லாம் அட்டையை எடுத்து ஒப்பிடச் சொல்வது இதற்காகத்தான். நரம்பு கெட்டு ஆறு மாதத்துக்குள் பிடித்தால் திரும்ப வாய்ப்புண்டு.

எதிர்வினையில் கூட்டு மருந்தை நிறுத்தக் கூடாது. அதோடு சேர்த்து மருத்துவர் பிரெட்னிசோலோன் தொடங்குவார். பெரியவர்களுக்கு வழக்கமாக நாளுக்கு 40 மி.கி.யில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குறைத்து, பன்னிரண்டு வாரம் அல்லது அதற்கு மேலும். தொடங்கும் முன் சர்க்கரை, இரத்த அழுத்தம், காசநோய் இருமல், சீழ்ப் புண் பாருங்கள். குடற்புழுவுக்கும் மருந்து கொடுங்கள். வலி போனதும் அவராகவே நிறுத்திவிடுவார். நடுவில் நிறுத்தக் கூடாது என்பதை வீட்டாரிடமும் சொல்லி வையுங்கள். திரும்பத் திரும்ப வரும் இரண்டாம் வகைக்குக் குளோஃபாசிமினைக் கூட்டிக் கொடுப்பதும் தாலிடோமைடும் உண்டு. கருத்தரிக்க வாய்ப்புள்ள பெண்களுக்குத் தாலிடோமைடு கூடவே கூடாது.

வலிக்கும் நரம்புக்கு ஓய்வு வேண்டும். கையைத் தூளியிலோ பட்டையிலோ வைக்கச் சொல்லுங்கள். களையெடுக்கப் போய்விட்டு மாத்திரை மட்டும் சாப்பிட்டால் பாதி பலன்தான்.

11. மரத்த கை, கால், கண்

தினமும் இருபது நிமிடம் சாதாரணத் தண்ணீரில் ஊறவைத்து, காய்ப்பைச் சொரசொரப்பான கல்லில் தேய்த்து, ஈரம் காயும் முன் தேங்காய் எண்ணெய் தடவுவது. எண்ணெய் ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும், வெடிப்பு விழாது. சூடான டம்ளருக்குத் துணி. பின்பட்டை வைத்த எம்.சி.ஆர். (மென்மையான நுண்துளை ரப்பர்) செருப்பு; ஆணி அடித்த செருப்பு வேண்டாம், குத்தினாலும் தெரியாது. இரவில் எலி கடிப்பதும் காலையில்தான் தெரியும். காலை மூடிப் படுக்கச் சொல்லுங்கள். உள்ளங்கால் புண்ணுக்கு எந்தக் களிம்பையும்விட, நடக்காமல் இருப்பது பெரிய மருந்து. முழுதாக மூடாத கண்ணை நாளுக்கு ஒருமுறை கண்ணாடியில் பார்க்கச் சொல்லுங்கள். சிவந்தால் அன்றே வர வேண்டும்.

12. வீட்டாரைப் பார்ப்பது

நோயாளியின் ஒப்புதலோடு மட்டும். உடன் இருப்பவர்கள் எல்லாரையும் நான்காவது படியிலிருந்து பாருங்கள். நோய் இல்லாதவர்களுக்கு ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின், பெரியவர்களுக்கு 600 மி.கி. இரண்டு வயதுக்குக் குறைந்தவர், கர்ப்பிணி, காசநோய்ச் சந்தேகம் உள்ளவர் ஆகியோருக்கு இல்லை. சந்தேகத் தேமல் உள்ளவருக்கு இந்த ஒரு வேளையைக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். அவருக்குத் தேவை முழுச் சிகிச்சை.

ஒப்புதல் தராவிட்டால் வற்புறுத்தாதீர்கள். அடுத்த மாத மருந்துக்கு வரும்போது திரும்பக் கேளுங்கள். பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது முறையில் மனைவியையோ மகனையோ கூட்டி வருவார்கள். நோய் வெளிப்பட வருடங்கள் ஆகும் என்பதால் ஒருமுறை பார்த்ததோடு முடிவதில்லை. அவர்கள் பெயரையும் அதே அட்டையின் பின்பக்கம் எழுதி, அடுத்த வருடத் தேதியைப் பக்கத்தில் போட்டுவிடுங்கள்.